எம்.பி.எச். படிக்கலாமா? பொது சுகாதார முதுநிலைப் படிப்பு குறித்துப் பெற்றோரும் பிள்ளைகளும் தெரிந்துகொள்ள வேண்டியவை

"மகள் பி.டி.எஸ். முடித்துவிட்டாள். எம்.பி.எச். சேர்த்துவிட்டால் எம்.பி.பி.எஸ்.ஸுக்குச் சமமாகிவிடும் என்கிறார்கள். சேர்க்கலாமா?" கல்வி வழிகாட்டி முகாம்களில் இப்படிக் கேட்கும் பெற்றோர் உண்டு. அவர்களுக்கு இதைச் சொல்லி வைத்தவர் யார் என்று விசாரித்தால், பெரும்பாலும் அது கல்லூரிச் சேர்க்கை ஏஜென்டாகவே இருக்கும்.

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். சமமாகாது. மாஸ்டர் ஆஃப் பப்ளிக் ஹெல்த் என்பதன் சுருக்கம்தான் எம்.பி.எச். இது பொது சுகாதாரத்தில் முதுநிலைப் பட்டம். இதைப் படித்தவர் அந்தப் பட்டத்தை வைத்துக்கொண்டு கிளினிக் நடத்த முடியாது, மருந்துச் சீட்டு எழுத முடியாது, பெயருக்கு முன்னால் டாக்டர் என்று போட்டுக்கொள்ளவும் முடியாது. பல் மருத்துவர் எம்.பி.எச். படித்தால் அவர் பொது சுகாதாரம் தெரிந்த பல் மருத்துவர். நர்சிங் முடித்தவர் படித்தால் அவர் பொது சுகாதாரம் தெரிந்த நர்ஸ். அவ்வளவுதான்.

ஆனால் இந்த "அவ்வளவுதான்" சின்ன விஷயமல்ல. மருத்துவச் சீட்டு கிடைக்காததற்கு ஆறுதல் பரிசாக இதை எடுக்கும் பிள்ளை இரண்டு ஆண்டுகளையும் சில லட்சங்களையும் இழப்பான். இது என்ன வேலை என்று தெரிந்து எடுக்கும் பிள்ளைக்கோ, நம் சமுதாயத்தில் ஆட்கள் மிகக் குறைவாக உள்ள ஒரு துறை திறக்கும்.

ஒரு நோயாளி அல்ல, ஓர் ஊர்

மருத்துவர் ஒரு நோயாளியைப் பார்க்கிறார். பொது சுகாதாரம் படித்தவர் ஓர் ஊரைப் பார்க்கிறார். யாருக்கு நோய் வருகிறது, யாருக்கு வரவில்லை, எந்த மாதம், எந்தத் தெருவில், ஏன் என்பது அவருடைய கேள்வி. நமக்கு நெருக்கமான ஓர் உதாரணம் ரமலான் நோன்பு.

சர்க்கரை நோய் உள்ளவர் நோன்பு வைக்கலாமா என்பது ஒவ்வோர் ஆண்டும் நம் வீடுகளில் எழும் கேள்வி. "எங்க அத்தா 20 வருஷமா வைக்கிறார், ஒன்றும் ஆகவில்லை" என்பார் ஒருவர். "பக்கத்து வீட்டம்மா மயங்கி விழுந்துவிட்டார்" என்பார் இன்னொருவர். இரண்டும் உண்மையாக இருக்கலாம். இரண்டையும் வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. 2001-ல் இந்தியா உட்பட 13 நாடுகளில் 12,243 சர்க்கரை நோயாளிகளிடம் ஓர் ஆய்வு நடந்தது. எபிடியார் என்று அதற்குப் பெயர். இரண்டாம் வகைச் சர்க்கரை நோய் உள்ளவர்களில் ஏறக்குறைய 79 சதவீதம் பேரும், முதல் வகை உள்ளவர்களில் சுமார் 43 சதவீதம் பேரும் குறைந்தது 15 நாட்கள் நோன்பு வைத்திருந்தார்கள். மருத்துவமனையில் சேர்க்கும் அளவுக்குச் சர்க்கரை தாழ்ந்துபோவது, மற்ற மாதங்களை விட ரமலானில் முதல் வகையில் 4.7 மடங்கும், இரண்டாம் வகையில் 7.5 மடங்கும் கூடியிருந்தது.

இந்த எண்களைச் சரியாகப் படிக்கத் தெரிவதும் ஒரு கலைதான். 7.5 மடங்கு என்றதும் பயந்துவிடுவோம். இரண்டாம் வகையில் அது 100 பேருக்கு மாதம் 0.4 என்பதிலிருந்து 3 ஆக உயர்ந்தது. அதாவது பெரும்பாலானோருக்கு அப்படி ஆகவில்லை. ஆனால் ஆபத்து உண்மையானது. யாருக்கு ஆகிறது, எந்த மருந்து சாப்பிடுபவருக்கு ஆகிறது, மாத்திரை நேரத்தை முன்கூட்டியே மாற்றினால் குறைகிறதா என்று அடுத்தடுத்துக் கேட்டுக்கொண்டே போவதுதான் எபிடெமியாலஜி எனப்படும் நோய்ப்பரவலியல். எம்.பி.எச். படிப்பின் முதுகெலும்பு இதுதான்.

கொள்ளைநோய் பரவிய ஊருக்குள் போகாதீர்கள், அந்த ஊரிலிருந்து வெளியேறாதீர்கள் என்ற நபி (ஸல்) அவர்களின் வழிகாட்டுதலைக் கொரோனா நாட்களில் எல்லா மேடைகளிலும் கேட்டோம். எத்தனை நாள் வெளியேறக் கூடாது, யாரை முதலில் பரிசோதிப்பது, வீட்டில் அடைபட்டவருக்கு யார் சோறு கொடுப்பது என்று திட்டம் போட்டுக் கொடுக்க ஆள் வேண்டும். அந்த ஆட்கள் நம்மிடம் எத்தனை பேர்?

மேசையில் நம் ஆள் இல்லாதபோது

இலங்கையில் நடந்தது பலருக்கு நினைவிருக்கும். 2020 ஏப்ரலில் அந்நாட்டு அரசு, கொரோனாவில் இறந்த அனைவரையும் எரிக்க வேண்டும் என்று விதி கொண்டுவந்தது. அடக்கம் செய்தால் நிலத்தடி நீர் வழியாகக் கிருமி பரவும் என்பது சொல்லப்பட்ட காரணம். அடக்கமும் செய்யலாம், எரிக்கவும் செய்யலாம் என்று உலக சுகாதார நிறுவனம் ஏற்கனவே சொல்லியிருந்தது. ஆனாலும் முஸ்லிம் குடும்பங்களின் ஜனாஸாக்கள் தகன மேடைக்குப் போயின. 2020 டிசம்பரில், பிறந்து 20 நாளே ஆன ஒரு குழந்தையும் பெற்றோரின் விருப்பத்தை மீறி எரிக்கப்பட்டது. 2021 பிப்ரவரி இறுதியில்தான் விதி மாற்றப்பட்டது. மார்ச் மாதம் முதல் மட்டக்களப்பு மாவட்டம் ஓட்டமாவடியில் அடக்கம் தொடங்கியது. 2024 ஜூலையில் அரசு மன்னிப்பும் கேட்டது.

இதில் நாம் கவனிக்கத் தவறும் ஒரு பகுதி உண்டு. ஆர்ப்பாட்டங்களும் நீதிமன்ற மனுக்களும் நடந்துகொண்டிருந்தபோதே, இலங்கையின் சமுதாய மருத்துவ நிபுணர்கள் கல்லூரியும் இலங்கை மருத்துவச் சங்கமும், அடக்கத்தால் நோய் பரவும் என்பதற்கு ஆதாரமில்லை, அடக்கத்தை அனுமதிக்கலாம் என்று பகிரங்கமாக அறிக்கை கொடுத்தன. இந்தத் துறையைப் படித்தவர்களின் அமைப்பு அது. உணர்ச்சியோடு பேசப் பல்லாயிரம் பேர் இருந்தார்கள். நிலத்தடி நீர் என்ற வாதத்துக்கு அதன் மொழியிலேயே பதில் சொல்ல முடிந்தவர்கள் சிலர்தான்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. நம் பக்கம் தவறு இருந்த இடங்கள் அவை. 2016-ல் கேரளத்தின் மலப்புரத்தில் தடுப்பூசி போடாத பிள்ளைகளிடையே டிப்தீரியா எனும் தொண்டை அடைப்பான் பரவியது. 2017 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் தட்டம்மை - ரூபெல்லா தடுப்பூசி முகாம் தொடங்கியபோது வாட்ஸ்அப்பில் வந்த வதந்தியை நம்பிப் பிள்ளைகளைப் பள்ளிக்கே அனுப்பாத வீடுகள் எல்லாச் சமுதாயத்திலும் இருந்தன, நம்மிலும் இருந்தன. உத்தரப் பிரதேசத்தின் மேற்கு மாவட்டங்களில் போலியோ சொட்டு மருந்துக்கு முஸ்லிம் மொஹல்லாக்களில் கதவுகள் மூடப்பட்டன. அதைத் திறந்தது அதட்டல் அல்ல. அதே பகுதிப் பெண்கள் வீடு வீடாகப் போனார்கள். இமாம்கள் பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். அலிகர், ஜாமியா மில்லியா பல்கலைக்கழகத்தினர் துணை நின்றார்கள். 2009-ல் இந்தியாவில் 741 போலியோ பாதிப்புகள், 2010-ல் 42, 2011-ல் ஒன்றே ஒன்று, மேற்கு வங்கத்தின் ஹவுராவில். அதுவே கடைசி. எந்த வீடு கதவைத் திறக்கவில்லை, ஏன் திறக்கவில்லை என்று கணக்கெடுத்து, அந்தக் கணக்கை வைத்து வேலை செய்ததன் விளைவு அது. பொது சுகாதாரம் என்றால் இதுதான்.

யார் படிக்கலாம்?

எம்.பி.பி.எஸ்., பி.டி.எஸ்., யுனானி, சித்தா, ஆயுர்வேதம், ஹோமியோபதி, நர்சிங், பிசியோதெரபி, பார்மசி, கால்நடை மருத்துவம் முடித்தவர்களைப் பெரும்பாலான நிறுவனங்கள் ஏற்கின்றன. மைக்ரோபயாலஜி, பயோடெக்னாலஜி, புள்ளியியல், சமூகப்பணி, ஊட்டச்சத்து போன்ற பட்டங்களைச் சில நிறுவனங்கள் ஏற்கும், சில ஏற்காது. சில இடங்களில் பணி அனுபவமும் கேட்பார்கள். ஒரு நிறுவனத்தின் தகுதி விதியைப் பார்த்துவிட்டு எல்லா இடத்திலும் இப்படித்தான் என்று எண்ணிவிடக் கூடாது.

எம்.பி.பி.எஸ். முடித்தவர்கள் மட்டும் சற்று நின்று யோசிக்க வேண்டும். அவர்களுக்கு நீட் பி.ஜி. வழியாக எம்.டி. கம்யூனிட்டி மெடிசின் என்ற மூன்றாண்டுப் படிப்பு இருக்கிறது. மருத்துவக் கல்லூரியில் அந்தத் துறைப் பேராசிரியராக எம்.டி. வேண்டும், எம்.பி.எச். போதாது. இந்தியாவிலேயே முதன்முதலாகப் பொது சுகாதாரத்துக்கென்று சட்டம் வந்தது நம் மாநிலத்தில்தான், 1939-ன் மெட்ராஸ் பொது சுகாதாரச் சட்டம். இன்றும் தமிழ்நாட்டில் பொது சுகாதாரத்துக்குத் தனி இயக்ககம் உண்டு. அதில் சுகாதார அலுவலர் பதவிகளுக்கு வருபவர்கள் மருத்துவர்களே. பி.எஸ்சி.க்குப் பிறகு எம்.பி.எச். படித்தவர் அந்த நாற்காலியை எதிர்பார்த்துப் படித்தால் ஏமாற்றம்தான் மிஞ்சும்.

சென்னை அரசு யுனானி மருத்துவக் கல்லூரியில் படிக்கும் நம் பிள்ளைகளுக்குத் தெரியாத ஒரு வழி இருக்கிறது. யுனானியிலேயே தஹஃப்புஸி வ ஸமாஜி திப் என்ற பெயரில் நோய்த்தடுப்பு மற்றும் சமுதாய மருத்துவத்தில் எம்.டி. இருக்கிறது. பெங்களூருவில் உள்ள தேசிய யுனானி மருத்துவ நிறுவனத்தில் அந்தத் துறை இயங்குகிறது. ஆயுஷ் முதுநிலை நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். யுனானி மருத்துவராகவே தொடர விரும்புபவர் எம்.பி.எச்.சுக்கு முன்னால் இதைப் பரிசீலிக்கலாம்.

எங்கே படிப்பது?

இந்தியாவின் முதல் எம்.பி.எச். 1997-ல் திருவனந்தபுரத்தில் தொடங்கியது. ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தின் அச்சுத மேனன் மையம் அதை நடத்துகிறது. முன்னாள் கேரள முதல்வர் அச்சுத மேனனின் பெயரால் அமைந்த மையம் அது. நம் தென்மாவட்டங்களுக்குச் சென்னையை விட அது அருகில். சென்னையில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் கீழுள்ள தேசிய நோய்ப்பரவலியல் நிறுவனம் அம்பத்தூரை அடுத்த அயப்பாக்கத்தில் இருக்கிறது. 2001 முதல் களப்பயிற்சியோடு கூடிய நோய்ப்பரவலியல் கல்வியை நடத்தி வரும் இடம். நோய் பரவும் ஊருக்கே மாணவர்களை அனுப்பி ஆராயச் செய்வது அவர்கள் முறை. புதுச்சேரி ஜிப்மரிலும் எம்.பி.எச். உண்டு. இந்த மூன்றும் நமக்கு எட்டும் தூரத்தில் உள்ள மத்திய அரசு நிறுவனங்கள். கட்டணம் பொதுவாகத் தனியாரைவிடக் குறைவு, போட்டி அதிகம். தென்னிந்தியாவுக்கு வெளியே கொல்கத்தாவின் அகில இந்திய சுகாதார நிறுவனம் 1932-ல் தொடங்கப்பட்டது, சண்டிகர் பி.ஜி.ஐ., டெல்லி ஜே.என்.யு., மும்பை டாடா சமூக அறிவியல் நிறுவனம் ஆகியவையும் பெயர் பெற்றவை.

நம் பகுதிக்காரர்கள் பலர் கவனிக்காத ஒன்று திருவாரூரில் இருக்கிறது. நீலக்குடியில் உள்ள தமிழ்நாடு மத்தியப் பல்கலைக்கழகத்தில் எபிடெமியாலஜி மற்றும் பொது சுகாதாரத்தில் எம்.எஸ்சி. படிப்பு நடக்கிறது. க்யூட் பி.ஜி. நுழைவுத் தேர்வு மூலம் சேர்க்கை. கூத்தாநல்லூர், முத்துப்பேட்டை, அதிராம்பட்டினம், நாகூர் பக்கமிருந்து பெண் பிள்ளையைத் தூரத்துக்கு அனுப்பத் தயங்கும் குடும்பங்கள் முதலில் பார்க்க வேண்டிய இடம் இது. பெயர் எம்.எஸ்சி. என்றிருப்பதால் தாழ்வாக எண்ண வேண்டாம். பாடங்கள் ஒரே வகைதான்.

தனியாரில் எஸ்.ஆர்.எம்., ஸ்ரீ ராமச்சந்திரா போன்ற நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் நடத்துகின்றன. எந்தத் தனியார் கல்லூரியாக இருந்தாலும் பணம் கட்டும் முன் நான்கு கேள்விகள் கேளுங்கள். இரண்டாண்டில் களப்பணி எத்தனை வாரம்? சென்ற ஆண்டு மாணவர்களின் ஆய்வேடுகள் என்னென்ன தலைப்பில் நடந்தன? புள்ளியியல் சொல்லித்தர முழுநேர ஆசிரியர் இருக்கிறாரா? படித்து முடித்த இரண்டு பேரின் தொலைபேசி எண் தருவீர்களா? கடைசிக் கேள்விக்கு முகம் மாறினால் எழுந்து வந்துவிடலாம். தபால் வழி, ஆன்லைன் எம்.பி.எச். விளம்பரங்களைக் கண்டால் பல்கலைக்கழக மானியக் குழுவின் தொலைநிலைக் கல்வி அங்கீகாரப் பட்டியலில் அந்தப் படிப்பு இருக்கிறதா என்று பார்த்துவிட்டே பேச வேண்டும்.

சான்றிதழில் கோட்டை விடாதீர்கள்

மாநில அரசின் 3.5 சதவீத முஸ்லிம் உள் ஒதுக்கீட்டுக்கு நாம் வைத்திருக்கும் பி.சி.எம். சான்றிதழ் ஜிப்மரிலோ மத்தியப் பல்கலைக்கழகத்திலோ செல்லாது. அங்கே 27 சதவீத ஓ.பி.சி. ஒதுக்கீடு. அதற்கு மத்திய அரசுப் படிவத்தில், கிரீமிலேயர் அல்லாதவர் என்று குறிப்பிட்ட தனிச் சான்றிதழ் வேண்டும். ராவுத்தர், மரைக்காயர் உள்ளிட்ட லெப்பைகள் தமிழ்நாட்டுக்கான மத்திய ஓ.பி.சி. பட்டியலில் இருக்கிறார்கள். மற்றவர்கள் தங்கள் பிரிவின் பெயர் மத்தியப் பட்டியலில் எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்று பார்த்து, அதே எழுத்தில் சான்றிதழ் வாங்க வேண்டும்.

ஆண்டு வருமானம் 8 லட்சத்தைத் தாண்டினால் கிடைக்காது என்று பொதுவாகச் சொல்வார்கள். அந்தக் கணக்கில் சம்பளமும் விவசாய வருமானமும் சேராது என்பது பலருக்குத் தெரியாது. அரசுப் பணியில் இருப்பவருக்குப் பதவியின் நிலை பார்க்கப்படும். இதைத் தெரியாமல் பொதுப்பிரிவில் விண்ணப்பித்து இடம் இழந்தவர்கள் உண்டு. சான்றிதழ் அந்த நிதியாண்டுக்குள் எடுத்ததாக இருக்க வேண்டும் என்பதும் வழக்கமான நிபந்தனை. விண்ணப்பம் திறந்த பிறகு இ-சேவை மையத்துக்கு ஓடினால் நேரம் போதாது.

வகுப்பில் என்ன நடக்கும்?

நோய்ப்பரவலியல், உயிரியல் புள்ளியியல், சுகாதாரக் கொள்கையும் நிர்வாகமும், சுற்றுச்சூழல் சுகாதாரம், சமூக - நடத்தை அறிவியல் ஆகிய ஐந்தும் எங்கு போனாலும் இருக்கும். மற்றவை நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும்.

மாணவர்கள் தடுமாறுவது புள்ளியியலில். பிளஸ் டூவில் கணக்கு வேண்டாம் என்று அறிவியல் பிரிவு எடுத்து, நர்சிங்கோ பல் மருத்துவமோ படித்துவிட்டு வரும் பிள்ளைக்கு முதல் பருவத்திலேயே எண்கள் வந்து நிற்கும். பெரிய கணக்கு அல்ல. கூட்டல், வகுத்தல், விகிதம், நிகழ்தகவு. கணினியில் ஆர், ஸ்டேட்டா போன்ற மென்பொருட்கள் கணக்கிட்டுத் தந்துவிடும். வந்த விடையின் பொருள் என்ன என்று யோசிக்கும் பொறுமைதான் தேவை. அந்தப் பொறுமை இல்லாதவருக்கு இந்தப் படிப்பு இரண்டாண்டுத் தண்டனை. இதை ஏஜென்டுகள் சொல்வதில்லை.

இறுதியில் ஆய்வேடு. அது வெறும் சம்பிரதாயம் இல்லை. வேலைக்கு எடுப்பவர்கள் முதலில் கேட்பதே "உங்கள் ஆய்வு எதில்?" என்பதைத்தான். நம் பிள்ளைகளுக்குத் தலைப்புக்குப் பஞ்சமில்லை. ஆம்பூர், வாணியம்பாடித் தோல் தொழிற்சாலைகளில் வேலை செய்பவர்களின் தோலும் மூச்சும் எப்படி இருக்கின்றன? நோன்பு மாதத்தில் நம் ஊர்ச் சர்க்கரை நோயாளிகள் எத்தனை பேர் மருத்துவரைக் கேட்டுவிட்டு நோன்பு வைக்கிறார்கள்? கணவர் வளைகுடாவில், மனைவி இங்கே தனியாக. அந்தப் பெண்களின் ரத்த அழுத்தம் எப்படி? வீட்டுக்குள் வெளி ஆண் நுழையத் தயங்கும் தெருக்களில் ஒரு முஸ்லிம் மாணவி போய் உட்கார்ந்து கேட்டால் கிடைக்கும் பதில் வேறு யாருக்கும் கிடைக்காது. மகளை அனுப்பத் தயங்கும் அத்தாமார்களுக்கு இதைக் குறிப்பாகச் சொல்கிறோம். களப்பணி என்றால் கண்ட இடத்தில் அலைவதல்ல. பெரும்பாலும் இரண்டு பேராக, சுகாதாரப் பணியாளருடன், பகல் நேரத்தில் வீடுகளுக்குப் போவது.

வெளிநாடு: கணக்குப் போட்டுப் பாருங்கள்

அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பொது சுகாதாரப் பள்ளி 1916-ல் தொடங்கியது. 1899-ல் தொடங்கிய லண்டன் ஸ்கூல் ஆஃப் ஹைஜீன் அதைவிடப் பழையது. இத்தகைய இடங்களில் படித்து வருவது உண்மையிலேயே பெரிய வாய்ப்பு. ஆனால் நம் ஊர் ஏஜென்டுகள் விற்பது பெரும்பாலும் இவற்றை அல்ல.

பிரிட்டனில் எம்.பி.எச். ஓராண்டுதான். அதுவே கவர்ச்சி. வெளிநாட்டு மாணவருக்குக் கல்விக் கட்டணம் மட்டும் பல்கலைக்கழகத்தைப் பொறுத்து ஏறக்குறைய 15,000 பவுண்டிலிருந்து 30,000 பவுண்டுக்கும் மேல் போகும். தங்குமிடம், சாப்பாடு, விசா, மருத்துவக் கூடுதல் கட்டணம் தனி. 2024 ஜனவரி முதல், பாடத்திட்ட முதுநிலை படிக்க வருபவர் கணவனையோ மனைவியையோ குழந்தையையோ உடன் அழைத்துச் செல்ல முடியாது. திருமணமான மகளை அனுப்பி மருமகனும் கூடப் போய் வேலை தேடலாம் என்று நினைத்திருந்த குடும்பங்களுக்கு அந்தக் கதவு மூடியாகிவிட்டது. படிப்பு முடிந்து அங்கே தங்கி வேலை தேடும் காலமும் 2027 ஜனவரி முதல் விண்ணப்பிப்பவர்களுக்கு இரண்டாண்டிலிருந்து 18 மாதமாகக் குறைகிறது. ஓராண்டு படித்து, 18 மாதத்தில் விசா தரும் நிறுவனத்தில் வேலை பிடித்து, 30, 40 லட்சத்தைத் திருப்பி எடுப்பது எளிதா என்று வீட்டில் உட்கார்ந்து எழுதிப் பாருங்கள்.

அமெரிக்காவில் பொதுவாக ஒன்றரை முதல் இரண்டாண்டு. அங்கே சி.இ.பி.எச். என்ற அமைப்பின் அங்கீகாரம் இருக்கிறதா என்று பார்ப்பது முக்கியம். சோஃபாஸ் என்ற ஒரே தளத்தில் பல பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பிக்கலாம். நம் மூன்றாண்டு பி.எஸ்சி.யைச் சில பல்கலைக்கழகங்கள் ஏற்கத் தயங்கும். முன்பே எழுதிக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

பணம் இல்லாதவர் போகவே முடியாதா? முடியும், ஆனால் உடனே அல்ல. பிரிட்டனின் செவ்னிங் உதவித்தொகைக்கு இரண்டாண்டு வேலை அனுபவம் வேண்டும், படித்துவிட்டு இரண்டாண்டு தாய்நாட்டில் இருக்க வேண்டும். அமெரிக்காவின் ஃபுல்பிரைட் - நேரு முதுநிலை உதவித்தொகை மூன்றாண்டு அனுபவம் கேட்கும். பொது சுகாதாரமும் அதன் துறைகளில் ஒன்று. ஜெர்மனியின் டாட் அமைப்பும் வளரும் நாட்டு மாணவர்களுக்கான திட்டத்தில் சில பொது சுகாதாரப் படிப்புகளுக்கு உதவுகிறது, அதற்கும் அனுபவம் தேவை. ஆக வழி ஒன்றுதான். இங்கே குறைந்த செலவில் படி, இரண்டு மூன்று ஆண்டு களத்தில் வேலை செய், பிறகு அவர்கள் பணத்தில் போ. தமிழக அரசும் வெளிநாட்டில் முதுநிலை படிக்கும் முஸ்லிம் மாணவர்களுக்கென அண்மையில் உதவித்தொகை அறிவித்தது. இடங்கள் மிகக் குறைவு, அறிவிப்பைத் தவறவிடாதீர்கள்.

சிறுபான்மை மாணவர்களின் வெளிநாட்டுக் கல்விக் கடனுக்கு வட்டி மானியம் தந்த படோ பர்தேஷ் திட்டத்தையும், ஆராய்ச்சி மாணவர்களுக்கான மௌலானா ஆசாத் உதவித்தொகையையும் மத்திய அரசு 2022-23 முதல் நிறுத்திவிட்டது. இன்னமும் அவற்றைச் சொல்லி ஆசை காட்டுபவர்களை நம்ப வேண்டாம். டாம்கோ வழியாகக் குறைந்த வட்டியில் கல்விக் கடன் உண்டு. வட்டி என்பதால் தயங்குபவர்கள் தங்கள் ஆலிம்களைக் கேட்டுக்கொள்ளட்டும். ஜமாஅத்துகளிடமும் ஒரு கோரிக்கை. பைத்துல்மாலிலிருந்து இன்ஜினியரிங்குக்கும் நர்சிங்குக்கும் உதவுகிறீர்கள். அரசு நிறுவனத்தில் எம்.பி.எச். இடம் வாங்கிவிட்டு விடுதிச் செலவுக்குத் தவிக்கும் ஒரு பிள்ளைக்கு ஆகும் செலவு அதைவிடக் குறைவாகவே இருக்கும்.

வேலை எப்படி?

உண்மையைச் சொல்வதானால், தொடக்கம் சுமார்தான். மாவட்ட நோய்க் கண்காணிப்புப் பிரிவு, காசநோய் ஒழிப்புத் திட்டம், தேசிய சுகாதார இயக்கம் ஆகியவற்றில் வரும் பணிகள் பெரும்பாலும் ஒப்பந்த அடிப்படையில், தொகுப்பூதியத்தில் வருபவை. பல அறிவிப்புகளில் மருத்துவப் பட்டம் உள்ளவருக்கு முன்னுரிமை இருக்கும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நிறுவனங்களில் திட்டப் பணியாளர் வேலைகள் அடிக்கடி அறிவிக்கப்படுகின்றன. நேரில் வரச் சொல்லித் தேர்வு செய்வதும் உண்டு. தொண்டு நிறுவனங்கள், மருந்து ஆய்வு நிறுவனங்கள், காப்பீட்டு நிறுவனங்கள், பெரிய மருத்துவமனைகளின் தொற்றுத் தடுப்பு மற்றும் தரப் பிரிவுகள் மற்ற வாசல்கள். புள்ளியியலும் மென்பொருளும் நன்றாகத் தெரிந்தவர் இவர்களில் எல்லோரையும் முந்துவார், அவர் எந்த இளநிலைப் பட்டம் பெற்றிருந்தாலும் சரி.

வளைகுடாவை நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அங்கே உரிமம் உங்கள் முதல் பட்டத்துக்குத்தான். நர்ஸ் நர்ஸாகத்தான் போவார். எம்.பி.எச். அவரைத் தொற்றுத் தடுப்பு, தரக் கட்டுப்பாட்டுப் பிரிவுகளுக்கு உயர்த்த உதவும். நம் இளைஞர்கள் பலர் நெபோஷ் முடித்துவிட்டுப் பாதுகாப்பு அலுவலராகப் போகிறார்கள். அவர்களில் அறிவியல் பட்டம் உள்ளவர்கள் தொழில்சார் சுகாதாரத்தில் எம்.பி.எச். சேர்த்துக்கொண்டால் அடுத்த படிக்குப் போகலாம்.

ஹஜ் பயணிகளுக்கு ஏன் மூளைக்காய்ச்சல் தடுப்பூசி கட்டாயம் என்று எத்தனை பேர் யோசித்திருப்போம்? 1987 ஹஜ்ஜில் அந்த நோய் பரவியது. ஒரு வகைக் கிருமிக்கு ஊசி வந்தது. 2000, 2001-ல் வேறொரு வகை, டபிள்யூ 135, பரவியது. ஹாஜிகள் ஊர் திரும்பியதும் அவர்கள் வீட்டாருக்கும் வந்தது. எந்த நாட்டில் யாருக்கு வந்தது என்று ஆராய்ந்து ஹஜ்ஜோடு தொடர்புபடுத்தியதால்தான் நான்கு வகைக்கும் சேர்த்த ஊசி 2002 முதல் கட்டாயமானது. இன்று நாம் ஒரு ஊசியோடு நிம்மதியாகப் புறப்படுகிறோம். அப்படிக் கண்டுபிடித்தவர்களின் வேலைக்கான பயிற்சிதான் இது.

பணம் கட்டும் முன் ஒரு சோதனை

பிள்ளைக்கு இது பொருந்துமா என்று அறியச் செலவில்லாத வழி ஒன்று உண்டு. மேலே சொன்ன சென்னை தேசிய நோய்ப்பரவலியல் நிறுவனமே, என்.பி.டெல் தளத்தில் "ஹெல்த் ரிசர்ச் ஃபண்டமென்டல்ஸ்" என்ற எட்டு வாரப் படிப்பை நடத்தி வருகிறது. பதிவு இலவசம். சான்றிதழ் தேர்வுக்கு மட்டும் கட்டணம். வாரத்துக்குச் சில மணி நேரம், வீட்டிலிருந்தே, ஆங்கிலத்தில். அடுத்த பருவம் திறக்கும்போது பதிவு செய்து கொடுங்கள். நான்காவது வாரத்திலும் நீங்கள் சொல்லாமல் அவளே லேப்டாப்பைத் திறந்து உட்கார்ந்தால், ஓ.பி.சி. சான்றிதழுக்கு விண்ணப்பித்துவிடலாம்.